தெளிந்த நீரும் தூய நீரும்: புழல் ஏரியிலிருந்து புளியந்தோப்பு வரை ஒரு வரலாற்றுப் பாடம்



2015 டிசம்பர் முதல் வாரம். புளியந்தோப்பின் தெருக்களில் முழங்காலளவு நீர் தேங்கி நின்றது. மின்சாரம் இல்லை, அடிபம்பில் கலங்கலாக வந்த நீர் வாடை அடித்தது, தண்ணீர் லாரி வர வழியில்லை. பள்ளிவாசல் ஹவ்ளில் மட்டும் நீர் எஞ்சியிருந்தது. அது தெளிவாக இருந்தது. மணமோ நிறமாற்றமோ இல்லை. "ஹஜ்ரத், இந்தத் தண்ணீர் சுத்தமானதுதானே?" என்று ஒரு தாய் கேட்டார். ஃபிக்ஹுப் பாடம் நடத்திப் பழகிய நாவால், "சுத்தமானதுதான் அம்மா, தாராளமாகப் புழங்கலாம்" என்றேன். நான் உளூவை எண்ணிச் சொன்னேன். அவர் குடத்தை எண்ணிக் கேட்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து அவருடைய பிள்ளை வயிற்றுப்போக்கால் துவண்டு போனது. அல்லாஹ்வின் அருளால் உப்புச் சர்க்கரைக் கரைசலும் மருத்துவமும் கிடைத்துத் தேறியது. ஹவ்ளு நீர்தான் காரணமா என்பதை எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆயினும் என் விடையில் இருந்த குறை அன்று முதல் என் உள்ளத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 'சுத்தம்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு கேள்விகள் இருப்பதை நான் கவனிக்கவில்லை. இந்நகரமும் ஒரு காலத்தில் அதைக் கவனிக்கவில்லை என்பதைப் பிற்பாடு படித்தறிந்தேன். அந்த வரலாற்றையும் அதிலிருந்து நம் அடுப்பங்கரைக்கு வரவேண்டிய பாடத்தையும் இங்கே எழுதுகிறேன்.

ஏழுகிணறு முதல் புழல் வரை

பழைய சென்னை கிணறுகளையும் குளங்களையும் நம்பி வாழ்ந்த ஊர். 1772இல் கேப்டன் பேக்கர் என்பவரின் திட்டப்படி, ஜார்ஜ் கோட்டைக்கு நீர் வழங்குவதற்கென்று இன்றைய ஏழுகிணறு பகுதியில் கிணறுகள் தோண்டப்பட்டன. அது கோட்டைக்குரிய ஏற்பாடு. பொதுமக்களோ தத்தம் தெருக் கிணற்று நீரையும் குளத்து நீரையுமே குடித்தனர். காலரா அந்நாளில் மீண்டும் மீண்டும் வந்து, வீடு வீடாக உயிர்களைக் கொண்டு சென்றது.

1866இல் ஃப்ரேசர் என்னும் பொறியாளர் ஒரு திட்டத்தை அரசுக்கு அளித்தார். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் அணை கட்டி, அந்நீரைச் சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து புழல் ஏரிக்கும் திருப்பி, பிறகு நகருக்குக் கொண்டுவருவது என்பதே அத்திட்டம். செங்குன்றம் ஏரி என்று நாம் அழைப்பதும் இந்தப் புழல் ஏரியைத்தான். 1872இல் ஏரிக்கரையில் மதகு நிலையம் அமைந்தது. திறந்த மண் கால்வாய் வழியே நீர் கீழ்ப்பாக்கம் வந்து, அங்கிருந்து இரும்புக் குழாய்களில் நகருக்குள் பாய்ந்தது. சென்னையில் முறையான குடிநீர் வழங்கல் அன்றுதான் தொடங்கியது.

ஆனால் அந்நீர் வடிகட்டப்படவில்லை. ஏரியில் எப்படி இருந்ததோ, திறந்த கால்வாயில் வழிநெடுக எதைச் சேர்த்துக்கொண்டதோ, அப்படியே வீட்டுக் குழாய்க்கு வந்தது. 1872 முதல் 1914 வரை, 42 ஆண்டுகள் இந்நகரம் ஏரி நீரைச் சுத்திகரிக்காமலே பருகியது.

அதை அறியாமை என்று எளிதில் இகழ்ந்துவிட முடியாது. காலரா நீரால் பரவுகிறது என்று 1854இலேயே லண்டனில் ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் எடுத்துக்காட்டியிருந்தார். ஆயினும் கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று நம்பியவர்களே அன்று மிகுதி. 1884இல் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக், கல்கத்தாவில் மக்கள் புழங்கிய ஒரு குளத்து நீரிலேயே காலராக் கிருமியைக் கண்டறிந்தார். 1892இல் நடந்த ஒரு நிகழ்வு ஐயத்துக்கு இடமின்றி உண்மையை உணர்த்தியது. ஹாம்பர்க், அல்டோனா ஆகிய இரண்டும் எல்பே ஆற்று நீரையே பருகிய, அடுத்தடுத்து அமைந்த நகரங்கள். ஹாம்பர்க் நீரை வடிகட்டாமல் வழங்கியது; அங்கே எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் காலராவில் மாண்டனர். அல்டோனா மணல் வழியே வடித்து வழங்கியது. அது பெரும்பாலும் தப்பியது. ஆறு ஒன்றே, இடையில் இருந்த மணற்படுகைதான் வேறுபாடு.

கீழ்ப்பாக்கத்து மணல்

சென்னையில் அந்த மணற்படுகையை அமைக்கும் பணியை முன்னின்று நடத்தியவர் ஜே. டபிள்யூ. மேட்லி என்னும் மாநகராட்சிப் பொறியாளர். தியாகராய நகரின் மேட்லி சாலை அவர் பெயரைத் தாங்கியது. திறந்த மண் கால்வாய்க்குப் பதிலாக மூடிய கட்டுமானக் கால்வாய், மெதுவாக வடிக்கும் மணல் வடிப்பான்கள், நிலத்தடியில் மூடிய தேக்கத் தொட்டிகள், நீரேற்றும் நிலையம் ஆகியவை அமைந்து, 1914 டிசம்பரில் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் திறக்கப்பட்டது.

மெதுமணல் வடிப்பான் வேலை செய்யும் விதம் சிந்தனைக்குரியது. நீர் மணலுக்குள் மெல்ல இறங்குகிறது. சில நாட்களில் மணலின் மேற்பரப்பில் வழுவழுப்பான ஒரு படலம் உருவாகிறது. பார்ப்பதற்கு அழுக்குப் போலத் தோன்றும் அப்படலத்தில் வாழும் நுண்ணுயிர்கள்தாம் நோய்க்கிருமிகளைப் பிடித்து உண்கின்றன. நம் கண் அழுக்கென்று ஒதுக்குவது நீரைக் காக்கிறது; தெளிவென்று நம்பும் நீரிலோ நோய் மறைந்திருக்கிறது. கண்ணை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறலாகாது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

வடித்தலோடு கதை முடியவில்லை. வடிப்பானுக்குத் தப்பும் கிருமிகளையும் கொல்ல, அமெரிக்காவின் ஜெர்சி நகரம் 1908இல் குடிநீரில் தொடர்ந்து குளோரின் சேர்க்கத் தொடங்கியது. உலக நகரங்கள் ஒவ்வொன்றாக அதைப் பின்பற்றின. தெளியவைத்தல், வடித்தல், கிருமி கொல்லுதல், மூடிக் காத்தல் என்ற நான்கு படிகளும் இவ்வாறே நிலைபெற்றன.

நோய் விலகிவிடவில்லை

ஏரியும் நிலையமும் இருந்தால் போதும் என்று எண்ணிவிட வேண்டாம். காலராவின் புதிய வகைக் கிருமியான ஓ139 முதன்முதலில் 1992இல் இந்தச் சென்னையில்தான் வெளிப்பட்டது. 2019 கோடையில் புழல் ஏரி ஏறக்குறைய வற்றிப்போய், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நீர் வந்ததை நாமே கண்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது புளியந்தோப்பிலும் பட்டாளத்திலும் ஓட்டேரியிலும் நாள்கணக்கில் வெள்ளம் வடியவில்லை.

நிலையத்தில் சுத்தமாகப் புறப்படும் நீரும் வழியில் கெடக்கூடும். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை விரிசல் வழியே நீர் வெளியே கசியும். அழுத்தம் குறைந்ததும் வெளியே தேங்கிய கழிவு உள்ளே புகும். அதன்மேல் அடிபம்பை அடித்து இழுத்தால் சொல்லவே வேண்டாம். ஓட்டேரி நல்லாவும் பக்கிங்காம் கால்வாயும் பொங்கி நிற்கும் நாட்களில் சம்பிலும் சிண்டெக்ஸிலும் உள்ள நீரையும் ஐயத்தோடுதான் அணுக வேண்டும். அத்தகைய நாட்களில் கீழ்ப்பாக்கம் செய்யும் வேலையை நம் வீட்டு அடுப்பங்கரை செய்தாக வேண்டும்.

வீட்டிலே நான்கு படிகள்

முதலாவது, தெளியவைத்தல். கலங்கிய நீரை அசைக்காமல் சில மணிநேரம் வைத்து, மேல்நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் இறுத்துக்கொள்ளுங்கள். நம் பாட்டிமார் குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை இழைத்ததும், சிறிது படிகாரம் கலக்கியதும் இதற்காகவே. இவை கலங்கலைப் போக்கும். கிருமிகளைக் கொன்றுவிடும் என்று நம்பக் கூடாது.

இரண்டாவது, வடித்தல். பழைய பருத்திப் புடவைத் துணியைத் துவைத்துக் காயவைத்து, நான்கு மடிப்புக்குக் குறையாமல் மடித்து வடிகட்டுங்கள். வங்கதேசத்தின் மத்லப் பகுதிக் கிராமங்களில் இவ்வாறு வடித்துக் குடித்தவர்களிடையே காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. காலராக் கிருமிகள் நீரில் வாழும் நுண்ணிய மிதவை உயிர்களில் ஒட்டிக்கொண்டிருப்பதால், அவை துணியில் சிக்கிவிடுகின்றன. ஆயினும் பாதி குறைவது முழுக் காப்பாகாது.

மூன்றாவது, கிருமி கொல்லுதல். இதுவே உயிரான படி. நீர் தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் முழுதாகக் கொதிக்க விடுங்கள். சூடானதும் இறக்கிவிடுவது போதாது. எரிவாயு இல்லையென்றால், மழைக்கால முகாம்களில் வழங்கப்படும் குளோரின் மாத்திரையை உறையில் எழுதியுள்ள அளவுப்படி இட்டு, 30 நிமிடம் காத்திருங்கள். கலங்கல் நீரில் குளோரின் வீணாகும். ஆகவே முதலிரு படிகளை முடித்த பிறகே இட வேண்டும். இரண்டும் இல்லாதபோது, நிறமற்ற இரண்டு லிட்டருக்கு மேற்படாத பிளாஸ்டிக் புட்டியில் தெளிந்த நீரை நிரப்பி, நல்ல வெயிலில் 6 மணிநேரம் கிடத்துங்கள். வானம் மேகமூட்டமாக இருந்தால் இரண்டு நாட்கள் தேவை.

நான்காவது, மூடிக் காத்தல். கொதித்த நீரைக் கொதித்த பாத்திரத்திலேயே ஆறவிட்டு மூடி வையுங்கள். டம்ளரைக் கையோடு உள்ளே விடாமல் சாய்த்து ஊற்றுங்கள், அல்லது நீண்ட பிடியுள்ள அகப்பையால் மொள்ளுங்கள். இரவில் பாத்திரங்களை மூடி வைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குப் பணித்திருக்கிறார்கள். நாம் நாள்தோறும் படிக்கும் அந்த ஸுன்னத்தை வெள்ள நாளில் மறந்துவிடலாமா?

ஓர் எச்சரிக்கை. 2023 வெள்ளத்தில் மணலிப் பகுதியிலிருந்து கசிந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. எண்ணெய், இரசாயனம், உப்பு ஆகியவற்றைக் கொதிக்க வைத்தலோ குளோரினோ வெயிலோ நீக்காது. எண்ணெய்ப் படலமோ இரசாயன வாடையோ உள்ள நீரை எவ்வளவு காய்ச்சினாலும் குடிக்காதீர்கள். வேறு நீரைத் தேடுவதே வழி.

ஃபிக்ஹும் குடிநீரும்

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத் அளவை, அதாவது ஏறத்தாழ 200 லிட்டரை எட்டிய நீர், நிறம், சுவை, மணம் மாறாதவரை நஜீஸ் ஆகாது. ஹனஃபி மத்ஹபில் பத்து முழத்துக்குப் பத்து முழம் பரப்புள்ள ஹவ்ளுக்கும் இதையொத்த சலுகை உண்டு. இவை வணக்கத்துக்குரிய தஹாரத்தின் சட்டங்கள். மனிதரைச் சிரமத்தில் ஆழ்த்தாமல் தொழுகைக்கு வழிசெய்யும் அருள் அவற்றில் இருக்கிறது. ஆனால் கிருமிக்கு நிறமில்லை, சுவையில்லை, மணமில்லை. உளூவுக்குத் தகுவதெல்லாம் குடிக்கத் தகும் என்று எந்த இமாமும் கூறவில்லை. அதைக் கூறியது என் அவசர நாவுதான். மருத்துவ மேதை இப்னு ஸீனா நீரைக் காய்ச்சுவதையும் வடிப்பதையும் பற்றித் தனியே எழுதியிருப்பதே, முன்னோர் இவ்விரண்டையும் பிரித்தறிந்தனர் என்பதற்குச் சான்று.

மதீனாவில் ரூமா கிணற்றை விலைகொடுத்து வாங்கி மக்களுக்கு வக்ஃபாக்கினார்கள் உஸ்மான் (ரலி) அவர்கள். தம் தாயின் பெயரால் எந்தத் தர்மம் சிறந்தது என்று ஸஅத் பின் உபாதா (ரலி) கேட்டபோது, நீர் என்றே விடை கிடைத்தது. நம்மில் பலருக்குக் கிணறு வாங்கி வக்ஃபு செய்ய வசதியில்லை. ஆனால் வெள்ள நாளில் ஒரு குடம் நீரைத் தெளியவைத்து, வடித்து, காய்ச்சி, மூடி, மாடியில் தனித்திருக்கும் முதியவருக்கும் அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் கொடுக்க எல்லோராலும் இயலும்.

இவ்வாண்டு எங்கள் மதரஸாவில் தண்ணீர்ச் சட்டப் பாடத்தை முடித்ததும், பிள்ளைகளை அடுப்பருகே அழைத்துச் சென்று ஒரு பானை நீரைக் காய்ச்சிக் காட்டினேன். "எப்போது இறக்கலாம், ஹஜ்ரத்?" என்று ஒரு சிறுவன் கேட்டான். கொதி வந்தபின் ஒரு நிமிடம் எண்ணச் சொன்னேன். அவன் சத்தமாக அறுபது வரை எண்ணினான். மழைக்காலம் வருமுன் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்த அறுபதை எண்ணக் கற்றுக்கொடுங்கள். அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக. ஆமீன்.