மனத்துக்கும் ஒரு பத்தியம்

உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சை என்றதும் எல்லாரும் கேட்பது இரண்டே கேள்விகள்தான். எவ்வளவு செலவாகும்? எத்தனை கிலோ குறையும்? சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவர் அடுத்த ஒரு வருடம் யாரிடம் மனம்விட்டுப் பேசுவார் என்று கேட்பவர்கள் குறைவு. இந்த மூன்றாவது கேள்விக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. மருத்துவ உலகமே அதைத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டது. அந்த வரலாற்றில் சிங்கப்பூருக்கும் ஓர் இடம் உண்டு.

சிங்கப்பூரில் எழுந்த அளவுகோல்

முதலில் கணக்கைப் பார்க்கலாம். 2004ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் உடல் பருமன் உள்ளவர்கள் 6.9 விழுக்காடு. 2010ல் அது 10.8 விழுக்காடாக உயர்ந்தது. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்தால் 16.9 விழுக்காடு. அதே ஆய்வில் நீரிழிவு உள்ள இந்தியர்கள் 17.2 விழுக்காடு, மூன்று பெரிய இனங்களில் இதுவே மிக அதிகம். 2016ல் அன்றைய சுகாதார அமைச்சர் திரு கான் கிம் யோங் நீரிழிவுக்கு எதிராகப் போர் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்ததற்கு இத்தகைய கணக்குகளே பின்னணி.

பருமன் என்பதை எப்படி அளக்கிறார்கள்? கிலோ கணக்கிலான எடையை, மீட்டர் கணக்கிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கிறார்கள். கிடைக்கும் எண்ணுக்கு பிஎம்ஐ என்று பெயர். மேலை நாட்டவருக்கு வகுத்த எல்லைகள் ஆசியர்களுக்குப் பொருந்துமா என்று ஆராய, உலகச் சுகாதார நிறுவனம் 2002 ஜூலையில் நிபுணர்களைக் கூட்டியது. கூடிய இடம் சிங்கப்பூர். ஆசியர்களுக்கு 23லேயே ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5ல் அது அதிகமாகிவிடுகிறது என்ற அவர்களின் முடிவு 2004ல் லேன்செட் மருத்துவ இதழில் வெளியானது. ஒரு மீட்டர் 65 செண்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 27.5 என்பது ஏறக்குறைய 75 கிலோ. பார்த்தால் பருமன் என்றே பலர் சொல்ல மாட்டார்கள். ஆனால் உள்ளே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறியிருக்கலாம். ஆகவே இந்தச் சிகிச்சைக்குப் போகிறவர் அழகுக்காகப் போகிறார் என்று நினைப்பது தவறு. பலர் உயிருக்காகப் போகிறார்கள்.

கத்தி கற்ற பாடம்

எடைக்காக வயிற்றில் கத்தி வைக்கும் முறை எழுபது ஆண்டுப் பழமை உடையது. 1954ல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழக மருத்துவர்கள், சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு தொடாமல் கடந்துபோகச் செய்யும் முறையை வெளியிட்டார்கள். எடை விறுவிறுவென்று குறைந்தது. ஆனால் தீராத வயிற்றுப்போக்கு, சத்துக் குறைவு, கல்லீரல் பாதிப்பு என்று தொல்லைகள் ஒவ்வொன்றாக வந்தன. பிற்பாடு அந்த முறையே கைவிடப்பட்டது.

1966ல் ஐயோவாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் எட்வர்ட் மேசன் வேறு வழியில் போனார். குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்களுக்கு உடல் பெருப்பதில்லை என்பதைக் கவனித்த அவர், இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் 'கேஸ்ட்ரிக் பைபாஸ்' முறையை உருவாக்கினார். 1990களில் லேப்ராஸ்கோப்பி வந்தது. சில சிறு துளைகள் போதும் என்றாயிற்று. இன்று பரவலாகச் செய்யப்படும் 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் அகற்றப்பட்டு, வாழைப்பழ வடிவில் ஒரு குழாய்தான் மிஞ்சுகிறது.

கத்தி இப்படிச் செம்மைப்பட்டது. மனிதரை முழுமையாகப் பார்க்கும் வழக்கம் பின்னால்தான் வந்தது. 1991ல் அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகம் கூட்டிய மாநாடு, இந்தச் சிகிச்சை அறுவை மருத்துவர் ஒருவரின் வேலை மட்டும் அல்ல என்று கூறியது. உணவியல் வல்லுநரும் மனநல வல்லுநரும் சேர்ந்த குழு வேண்டும், ஆயுள் முழுக்கக் கண்காணிப்பு வேண்டும் என்றது.

எடை குறைந்த பின் மனம்

அந்த மாநாடு சொன்னது சரிதான் என்பதைப் பிற்காலக் கணக்குகள் காட்டின. 2007ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. பைபாஸ் செய்துகொண்ட 7,925 பேரையும், செய்துகொள்ளாத அதே அளவு பருமனான 7,925 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு அது. சிகிச்சை பெற்றவர்களிடையே மொத்த மரணம் 40 விழுக்காடு குறைவு. நீரிழிவால் வரும் மரணம் 92 விழுக்காடு குறைவு. மகிழ்ச்சியான செய்தி. ஆனால் விபத்து, தற்கொலை போன்ற நோய் அல்லாத காரணங்களால் வந்த மரணம் மட்டும் 58 விழுக்காடு அதிகம்!

2012ல் வந்த இன்னோர் ஆய்வு, சிகிச்சைக்குப் பின் இரண்டாம் ஆண்டில் மதுப் பிரச்சினை கூடுவதைக் காட்டியது. 2016ல் கனடாவின் ஒன்டாரியோவில் 8,815 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் அவசரச் சம்பவங்கள் சிகிச்சைக்குப் பின் ஒன்றரை மடங்கானதைக் கண்டது. அவற்றில் பெரும்பாலானவை நேர்ந்தது இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில். அப்படிப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு முன்பே மனநலச் சிக்கல் இருந்தது என்பதையும் அந்த ஆய்வு சொல்லத் தவறவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் பயந்து சிகிச்சையைக் கைவிட வேண்டியதில்லை. பெரும்பாலானவர்கள் நலமாகத்தான் இருக்கிறார்கள். கவனிக்க வேண்டியது காலத்தை. முதல் மாதங்களில் பூங்கொத்தோடு வந்து பார்த்தவர்கள், இரண்டாம் ஆண்டில் வருவதில்லை. கிலோக் கணக்கு நின்றுபோய், சற்றே எடை திரும்பவும் ஏறும் காலம் அது. துணை தேவைப்படும் நேரமும் அதுதான்.

அதற்கு முன்பும் சோதனைகள் உண்டு. சில நாள் நீர் ஆகாரம், பிறகு கூழ், பிறகு குழைந்த உணவு என்று வாரக்கணக்கில் பத்தியம். கவலை வந்தால் ஒரு தட்டு சாப்பிட்டு ஆறுதல் தேடியவருக்கு அந்த வழி அடைபடுகிறது. மூன்றாம் மாதத்தை ஒட்டித் தலைமுடி கொட்டுகிறது. தோல் தளர்ந்து தொங்குகிறது. கண்ணாடியில் பார்ப்பவர், இது நானா என்று திகைக்கிறார். சத்து மாத்திரைகள் ஆயுளுக்கும் தொடர வேண்டும்.

பள்ளிக்கூடம் விட்ட வடு

சிங்கப்பூரில் இந்த மனக்காயத்துக்கு இன்னொரு கிளையும் உண்டு. 1992ல் கல்வி அமைச்சு 'டிரிம் அண்ட் ஃபிட்' திட்டத்தைத் தொடங்கியது. எடை அதிகமான மாணவர்களைப் பிரித்தெடுத்து ஓடவும் பயிற்சி செய்யவும் வைத்தார்கள். நோக்கம் நல்லது, எண்ணிக்கையும் குறைந்தது. ஆனால் அத்திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கத்தைத் திருப்பிப் படித்தால் 'ஃபேட்' என்று வரும். பிள்ளைகள் விடுவார்களா? சக மாணவர்களின் கேலி பெற்றோரின் கவலையானது. 2007ல் அந்தத் திட்டம் முடிவுக்கு வந்தது. எல்லா மாணவர்களின் முழு ஆரோக்கியத்தையும் நோக்கும் ஏற்பாடு அதன் இடத்தைப் பிடித்தது.

அன்று அந்த வரிசையில் நின்ற பிள்ளைகள் இன்று முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இன்று அறுவை சிகிச்சைக்குப் படுத்தால், அந்தக் கேலியும் கூடவே வரும். இரைப்பையில் வைக்கும் கத்தி அதைத் தொடுவதில்லை.

துணையின் வரலாறு

கத்தி தொடாததைத் தொட்டவர்கள் பெரும்பாலும் மருத்துவர்கள் அல்லர்; சாதாரண இல்லத்தரசிகள். 1948ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் எஸ்தர் மான்ஸ் என்ற பெண், எடை குறைக்க விரும்பியவர்களை ஒன்றுகூட்டி 'டாப்ஸ்' சங்கத்தைத் தொடங்கினார். யோசனை எங்கே பிறந்தது தெரியுமா? ஐந்தாவது குழந்தையைச் சுமந்தபோது அவர் போன கர்ப்பிணிகள் வகுப்பில். பெண்கள் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லி எடையைக் கட்டுப்படுத்துவதை அங்கே பார்த்தார். 1960ல் லாஸ் ஏஞ்சலிஸில் 'ஓவரீட்டர்ஸ் அனானிமஸ்' வந்தது. நியூயார்க்கில் தோழிகளை வீட்டுக்கு அழைத்துப் பேசத் தொடங்கிய ஜீன் நைடெட்ச், 1963ல் 'வெயிட் வாட்சர்ஸ்' நிறுவனத்தைக் கண்டார். பிற்காலத்தில் எடைக் குறைப்பு அறுவை மையங்களுக்குத் தரச்சான்று தரும்போது, நோயாளிகள் கூடிப் பேசும் ஆதரவுக் குழு இருக்க வேண்டும் என்பதை அமெரிக்காவில் ஒரு விதியாகவே வைத்தார்கள்.

கர்ப்பிணிகள் வகுப்பில் பிறந்த யோசனை என்பதைக் கேட்டால் லிட்டில் இந்தியாவுக்குப் பழக்கமான ஒன்று நினைவுக்கு வரும். தேக்காவை ஒட்டி நின்ற கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை 1924லிருந்து மகப்பேற்று மருத்துவமனை. 1966ல் மட்டும் கிட்டத்தட்ட 40,000 குழந்தைகள் அங்கே பிறந்தார்கள். அது கின்னஸ் சாதனை. பிரசவித்து வீடு திரும்பிய தமிழ்ப் பெண்ணுக்கு என்ன நடக்கும்? பத்தியச் சமையல் தனியாக நடக்கும். அம்மாவோ அத்தையோ கூடவே இருப்பார்கள். தனியாக விட மாட்டார்கள். உடம்பு மாறிப்போன ஒருத்திக்கு உணவும் வேறு, கவனிப்பும் வேறு என்பதை யாரும் அந்த வீட்டுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

அதே வீடு, அறுவை சிகிச்சை முடிந்து வந்தவரிடம் என்ன சொல்கிறது? "இவ்வளவுதான் சாப்பாடா? இன்னும் ஒரு இட்லி வைத்துக்கொள்." அன்பினால் சொல்வதுதான். 1947ல் சிராங்கூன் சாலையில் தொடங்கிய கோமள விலாஸ் முதல் கோயில் அன்னதானம் வரை, சோறு போடுவதே பாசம் என்று வளர்ந்த சமூகம் இது. இலையில் மீதி வைத்தால் பரிமாறியவர் முகம் வாடும். ஆனால் சுருங்கிய இரைப்பைக்குக் கால் இட்லியும் நிறைவு. வற்புறுத்தினால் வாந்தி, வலி. "முகமே வாடிப்போச்சே, நன்றாகத்தானே இருந்தாய்" என்ற ஒரு பேச்சு, ஆறு மாத முயற்சியைக் குலைத்துவிடும். "வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டான்" என்ற பேச்சு அதைவிடக் கொடியது. அதற்குப் பயந்தே சிலர் சிகிச்சையை உறவினர்களிடம் மறைக்கிறார்கள். மறைத்தவருக்கு எப்படித் துணை கிடைக்கும்?

வீடு செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. சிகிச்சைக்கு முன்பே உணவியல் வல்லுநரிடம் குடும்பத்தில் ஒருவர் கூடப் போகலாம். வீட்டில் சமைப்பவர் போனால் இன்னும் நல்லது. விருந்துக்கு அழைப்பவர்கள் சிறிய தட்டு வைத்து, ஏன் மீதி என்று கேட்காமல் இருக்கலாம். தேக்காவில் சாப்பிடச் சந்திப்பதற்குப் பதில் பூங்காவில் நடக்கச் சந்திக்கலாம். எத்தனை கிலோ என்று கேட்காமல், எப்படி இருக்கிறாய் என்று கேட்கலாம். மருத்துவமனையில் ஆதரவுக் குழு உண்டா என்று விசாரித்து முதல் நாள் உடன் போகலாம். ஏற்கெனவே மனச்சோர்வு இருந்தவர் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வது அவசியம். இரவில் மனம் தாங்காதபோது அழைக்க, 1969லிருந்து இயங்கும் சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பின் 1767 என்ற எண் 24 மணி நேரமும் இருக்கிறது.

பிரசவத்துக்குப் பத்தியம் காக்கத் தெரிந்த வீட்டுக்கு இது முடியாத காரியமா? அந்தப் பத்தியம் நாற்பது நாளில் முடிந்துவிடும். இதற்கு இரண்டு, மூன்று வருடமாவது வேண்டும். வித்தியாசம் அவ்வளவே.