உறையின் ஓரம் சொல்லும் வரலாறு

இசைப்பிரியர்கள் கூடும் இடங்களில் இந்நாளில் ஒரு பொழுதுபோக்கு வழங்கி வருகிறது. புகழ்பெற்ற இசைத்தட்டு ஒன்றின் மேலுறையில் ஒரு மூலையை மட்டும் காட்டி, ஏனையதை மறைத்துவிட்டு, “இது எந்தத் தட்டு?” என்று கேட்கிறார்கள். ஒரு சட்டைப் பொத்தான், ஒரு நாற்காலிக் கால், ஓரத்தில் ஓடும் ஒரு வண்ணக் கோடு. இவ்வளவே தேர்ந்த ரசிகருக்குப் போதுமானதாகிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கும் நமக்கு இது புதிய வித்தையன்று. பாடகர் ஆலாபனையில் இரண்டு பிடிகள் பிடிப்பதற்குள் ராகம் இன்னதென்று அருகிலிருப்பவர் காதில் சொல்லிவிடும் ரசிகர்களை நம் கச்சேரிகள் என்றும் கண்டிருக்கின்றன. அவர்கள் காதால் செய்ததை இவர்கள் கண்ணால் செய்கிறார்கள். எனினும் இவ்விளையாட்டினுள் ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது. பாலக்காட்டுக் கணவாயையும் இடுக்கி மலைகளையும் ஒட்டி வாழும் தமிழரின் இசைவாழ்வையும் அது தொடுகிறது.

இசைத்தட்டு நம் நாட்டுக்கு வந்த காலத்தில் அதற்குப் படம் போட்ட உறை என்பதே இல்லை. 1902 ஆம் ஆண்டில் கிராமபோன் கம்பெனியின் சார்பில் பிரெட் கெய்ஸ்பர்க் என்பார் கல்கத்தாவுக்கு வந்து ஒலிப்பதிவு செய்தார். அப்போது பாடியவர்களுள் தலைசிறந்தவர் கௌஹர் ஜான். பாட்டு முடிந்ததும் அந்த அம்மையார் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் உரக்க அறிவிப்பார். பாடியவரின் அடையாளம் அங்கே குரலிலேயே இருந்தது. அரக்கினால் செய்த அத்தட்டுகள் நடுவில் வட்டமாக வெட்டிய காகிதப் பைகளில் விற்கப்பட்டன. அந்த வட்டத்தின் வழியே தெரியும் சீட்டுத்தான் தட்டின் முகம்.

அந்தச் சீட்டில் இருந்த முத்திரைகளே நம் முன்னோர் கற்ற முதல் அடையாளங்கள். தட்டின்மீது அமர்ந்து இறகுப் பேனாவால் எழுதும் குழந்தைத் தேவதை, கிராமபோன் கம்பெனியின் மிகப் பழைய சின்னம். அதன் பின்னரே குழாயின் முன் காது கொடுத்து அமர்ந்திருக்கும் நாய் வந்தது. பிரான்சிஸ் பராட் என்ற ஓவியர் முதலில் அந்த நாயை வேறொரு கருவியின் முன்னேதான் தீட்டியிருந்தார். 1899 இல் கம்பெனியார் ஓவியத்தை வாங்கியபோது, பழைய கருவியின்மேல் தங்கள் கிராமபோனைத் தீட்டித்தரும்படி கேட்டார்கள். அவரும் அவ்வாறே செய்து கொடுத்தார். இணைந்த இரண்டு இசைக்குறிகள் கொலம்பியாவையும், கவிகை மாடம் கொண்ட பாரிஸ் நாடக அரங்கு ஓடியனையும் குறித்தன. ஓடியன் தட்டுகளைத் தென்னாட்டில் பரப்பியதில் ஏ. வி. மெய்யப்பன் அவர்கள் ஈடுபட்டிருந்த சென்னை சரஸ்வதி ஸ்டோர்ஸுக்குப் பெரும் பங்குண்டு. எழுத்தறியாதவரும் ‘நாய் மார்க்கு பிளேட்டு’ என்று கேட்டு வாங்கினார்கள். சிறு பகுதி கொண்டு முழுவதையும் அறியும் கலை நம் வீடுகளில் இப்படித்தான் புகுந்தது.

படம் போட்ட உறை அமெரிக்காவில் பிறந்தது. அங்கே பல தட்டுகளைச் சேர்த்து, புகைப்படத் தொகுப்பைப்போல் கட்டி விற்றதனால் ‘ஆல்பம்’ என்ற பெயர் உண்டாயிற்று. மேலட்டைகள் வெறும் பழுப்பு நிறத்தில் இருந்தன. கொலம்பியா கம்பெனியில் பணியாற்றிய அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர் 1940 இல் முதன்முதலாக ஓர் அட்டையில் நாடகக் கொட்டகையின் விளக்குப் பலகையைப் படமாக அச்சிட்டார். 1948 இல் நெடுநேரம் ஓடும் பன்னிரண்டு அங்குலத் தட்டு வந்தபோது, அதன் உறை ஓவியருக்கு ஒரு சிறு சுவரைப்போல் வாய்த்தது. பீட்டில்ஸ் குழுவினரின் 1969 ஆம் ஆண்டுத் தட்டு ஒன்றின் முகப்பில் குழுவின் பெயரும் இல்லை, தட்டின் பெயரும் இல்லை. நால்வர் தெருவைக் கடக்கிறார்கள், அவர்களுள் ஒருவர் காலில் செருப்பில்லை. 1973 இல் பிங்க் பிளாயிட் குழுவினர் வெளியிட்ட தட்டின் உறையில் முப்பட்டகத்திலிருந்து பிரியும் நிறங்கள் ஆறுதான். ஏழாவதாகிய கருநீலம் விடப்பட்டிருக்கிறது. அந்த மூலையை மட்டும் கண்டவர் எண்ணிப் பார்த்தால் போதும், விடை கிடைத்துவிடும்.

உறையில் இருப்பது போலவே இல்லாததும் வரலாறு பேசும். பீட்டில்ஸின் 1967 ஆம் ஆண்டுத் தட்டின் உறையில் பெருங்கூட்டமாகப் பலர் நிற்கிறார்கள். அவர்களுள் பரமஹம்ச யோகானந்தர் முதலிய இந்திய ஞானியரும் உண்டு. முதலில் காந்தியடிகளின் உருவமும் வைக்கப்பட்டிருந்தது. இந்திய மக்கள் மனம் நோவார்கள் என்று அஞ்சிய கம்பெனியார் அதனை நீக்கச் செய்தனர். லண்டனில் அமைந்த ஒரு படத்தை நம் நாட்டுக் கடைத்தெரு இவ்வாறு மாற்றியது.

இனி நம் இல்லத்துக்கு வருவோம். 1960-களில் திரைப்படப் பாடல்கள் ஏழு அங்குலச் சிறு தட்டுகளாக, படக் காட்சிகள் அச்சிட்ட உறைகளில் வெளிவந்தன. அத்தகைய உறையின் கீழோரம் மட்டும் நம் கைக்குக் கிடைத்தது என்று கொள்வோம். அதில் ‘விசுவநாதன் – ராமமூர்த்தி’ என்று இரு பெயர்களும் இருந்தால், அப்பாடல்கள் பெரும்பாலும் 1965-க்கு உட்பட்டவை. ‘பாசமலர்’ (1961), ‘காதலிக்க நேரமில்லை’ (1964) முதலியன அக்காலத்தவை. ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) படத்திற்குப் பின் இருவரும் பிரிந்தனர். மீண்டும் இணைந்தது 1995 இல் ஒரே ஒரு படத்திற்கு. ஆனால் இக்குறிப்பு பாடலின் காலத்தையே காட்டும், தட்டின் காலத்தைக் காட்டாது. பழைய பாடல்களைப் பின்னாளில் தொகுத்து வெளியிட்ட தட்டுகளிலும் இரு பெயர்களும் இருக்கும்.

அந்த எம். எஸ். விசுவநாதன் 1928 இல் பிறந்தது பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில். அப்போது பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் முதல் நாள் கேரள ராஜ்யம் அமைந்தபோது எல்லைக் கோடு இடம் மாறியது. இசைக்கு அக்கோடு தடையாகவில்லை. தமிழ்ப் படங்களால் புகழடைந்த அவரே ‘பணிதீராத்த வீடு’ (1973) என்ற மலையாளப் படத்துக்கு இசையமைத்து, அதில் தாமும் பாடினார்.

பாலக்காட்டுச் சங்கீத வித்வான்களின் படங்களிலும் கூரிய கண்ணுக்கு விருந்துண்டு. வயலினின் தலைப்பகுதி மட்டும் தெரிகிறது, முறுக்காணிகள் ஏழு என்றால், அவ்வாத்தியம் மைசூர் சௌடையா அவர்களுடையது என்று ஊகிக்கலாம். அவர் ஏழு தந்தி வயலின் வாசித்தவர். அப்படியாயின் அருகே பாடுபவர் செம்பை வைத்தியநாத பாகவதராகவும், மிருதங்கம் பாலக்காடு மணி ஐயராகவும் இருக்கக் கூடும்; இம்மூவரும் சேர்ந்த கச்சேரிகள் புகழ் வாய்ந்தவை. மிருதங்கத்தின் வலந்தலை இடக்கைப் பக்கம் இருந்தால், இடக்கையால் வாசித்த பழனி சுப்பிரமணிய பிள்ளையை நினைக்க வேண்டும். ஆனால் அச்சகத்தில் படம் இடவலம் மாறி விழுவதும் உண்டாகையால், பக்கத்திலிருக்கும் வயலின் வில் எந்தக் கையில் இருக்கிறது என்று பார்த்த பின்னரே முடிவு கூறுதல் தகும்.

தெற்கே இடுக்கி மலைகளின் கதை வேறு வகையானது. மதுரை, திருநெல்வேலி, ராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு ஏறிச் சென்ற தமிழர் மூணாறிலும் பீருமேட்டிலும் லயங்களில் குடியிருந்தனர். தேவிகுளம், பீருமேடு தாலுக்காக்கள் தமிழகத்துடன் சேரவேண்டும் என்ற கிளர்ச்சி நடந்தும், 1956 இல் அவை கேரளத்திலேயே நின்றன. 1958 ஆம் ஆண்டுத் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்த பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் மேடைதோறும் பாடினார். அவருடைய இளவல்தான் பின்னர் 1976 இல் ‘அன்னக்கிளி’ வழியே வெளிப்பட்ட இளையராஜா. 1986 இல் தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக அவர் வெளியிட்ட தட்டின் பெயரே ‘இதற்கு எப்படிப் பெயரிடுவது?’ என்று பொருள்படும் ஆங்கிலக் கேள்வியாகும்.

கோயில் கொடையிலும் கல்யாணத்திலும் தட்டுகளை ஒலிக்கச் செய்தவர் மைக்செட்காரர். தமிழும் மலையாளமும் கலந்து கிடக்கும் பெட்டிக்குள் மங்கிய விளக்கொளியில் கைவிட்டு, உறையின் ஒரு விளிம்பைக் கண்ட மாத்திரத்தில் கேட்ட பாட்டை எடுத்துக் கொடுக்க வேண்டியது அவர் தொழில். இன்று ரசிகர்கள் விளையாட்டாகச் செய்வதை அவர் பிழைப்பாகச் செய்தார்.

இவ்வளவும் எதற்காகக் கூறினோம்? உறை என்பது வெறும் போர்வையன்று. அது ஒரு சாசனம். யார் பாடினார், யார் எழுதினார், யார் பக்கவாத்தியம் வாசித்தார் என்பது அதன் பின்புறத்தில் இருக்கிறது. பெயர் விடுபட்டால் என்ன நேரும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லலாம். ‘மகல்’ (1949) என்ற ஹிந்திப் படத்தின் புகழ்பெற்ற பாடல் தட்டாக வந்தபோது, சீட்டில் லதா மங்கேஷ்கரின் பெயர் இல்லை. கதாபாத்திரமாகிய ‘காமினி’யின் பெயரே இருந்தது. பாட்டைக் கேட்ட நாடு பாடியவரைத் தேடி அறிய வேண்டியதாயிற்று. இன்று கைப்பேசியில் பாட்டு ஓடும்போது உறை ஒரு கட்டைவிரல் அகலமாகச் சுருங்கிவிட்டது. பாடலாசிரியரும் மிருதங்கக்காரரும் பல வேளைகளில் அதில் காணப்படுவதே இல்லை. இசை நிலைத்திருக்க, இசைத்தவர்கள் மறைந்து போகும் ஆபத்து இதில் இருக்கிறது.

பிற ராஜ்யங்களில் வாழும் நம்மவருக்கு இக்கடமை இருமடங்காகிறது. டில்லியிலும் மும்பையிலும் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுள் பலர் தமிழைப் பேசுவார்கள், படிக்க அறியார். உறையின் படம் அவர்களுக்குத் தெரியும், எழுத்துத் தெரியாது. ஆதலால் வீட்டில் எஞ்சியுள்ள பழைய தட்டுகளின் உறைகளைக் காகிதக் குப்பையோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உறை கிழிந்திருந்தால் நடுச்சீட்டிலுள்ள பெயர்களையும் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஓய்வுள்ள ஒரு மாலையில் பிள்ளைகளை அழைத்து, உறையை மறைத்து ஒரு மூலையை மட்டும் காட்டிக் கேளுங்கள். அவர்கள் படத்தைச் சொல்லட்டும். நீங்கள் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படிக்கச் செய்யுங்கள். எலப்புள்ளியும் செம்பையும் பண்ணைப்புரமும் எங்கே இருக்கின்றன என்று அவர்கள் அடுத்தபடியாகக் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல நாம் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.