கற்றுக்கொள்ளாத பாடம்

போட்டித் தேர்வுக்காக மூன்று வருடம் படித்தேன். மூன்று முறையும் தேறவில்லை. நான்காவது முறை விண்ணப்பிக்கும் தேதி வந்தபோது கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டேன். "ஏன்டா, இன்னொரு தடவ எழுதிப் பாக்கலாம்ல?" என்றாள் அக்கா. நான் பதில் சொல்லவில்லை. தோற்றுத் தோற்று 'முடியாது' என்று மனம் கற்றுக்கொண்டுவிட்டதாக நம்பினேன். அப்படி நம்ப ஒரு கோட்பாடும் கைவசம் இருந்தது.

1960களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் ஆய்வு மாணவர்கள். அவர்கள் நாய்களை வைத்துச் செய்த சோதனையை இன்று படித்தால் வயிற்றைப் பிசைகிறது. சில நாய்களுக்கு மின்அதிர்ச்சி. தலையால் பலகையைத் தள்ளினால் நின்றுவிடும். வேறு சிலவற்றுக்கும் அதே அளவு அதிர்ச்சி, ஆனால் அவை என்ன செய்தாலும் நிற்காது. மறுநாள், ஒரு தடுப்பைத் தாண்டினாலே தப்பிக்கலாம் என்ற நிலையில் விட்டபோது, முதல் வகை நாய்கள் தாண்டின. இரண்டாம் வகையில் பெரும்பாலானவை அப்படியே கிடந்தன. 1967இல் ஆய்வு வெளியானது. 'கற்றுக்கொண்ட இயலாமை' என்ற பெயர் நிலைத்தது.

மையர் அதோடு விடவில்லை. பிறகு கொலராடோ பல்கலைக்கழகத்தில், எலிகளின் மூளைக்குள்ளேயே காரணத்தைத் தேடினார். 2016இல் அதே இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில், தங்கள் பழைய கோட்பாடு தலைகீழானது என்று ஒப்புக்கொண்டார்கள்.

துன்பம் நீளும்போது மூளைத்தண்டில் இருக்கும் டார்சல் ராஃபே என்ற பகுதி கிளர்ந்து செரட்டோனினைச் சுரக்கிறது. உடல் ஒடுங்கிவிடுகிறது. இதை யாரும் கற்றுத்தர வேண்டாம். கற்க வேண்டியது, 'நான் செய்வதால் ஏதோ மாறுகிறது' என்பதைத்தான். அதைக் கண்டுகொள்வது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணி. கண்டுகொண்டதும் ராஃபேயை அது அடக்குகிறது. அந்தப் பகுதியை மருந்தால் செயலிழக்கச் செய்தபோது, அதிர்ச்சியை நிறுத்தத் தெரிந்த எலிகளும் பிற்பாடு ஒடுங்கிப்போயின.

எலிக்குப் பொருந்துவது எனக்கும் அச்சு அசலாகப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விடாமுயற்சி ஒரு குணம், அது எனக்கு வாய்க்கவில்லை என்ற வெட்கம் அன்று கொஞ்சம் குறைந்தது.

கிடந்த நாய்களை என்ன செய்தார்கள் தெரியுமா? கழுத்துக் கயிற்றைப் பிடித்துத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இழுத்தார்கள். திரும்பத் திரும்ப இழுத்தார்கள். பிறகு அவை தாமாகவே தாண்டின.

அக்காவும் அதன்பின் தேர்வைப் பற்றிப் பேசவில்லை. "சும்மாதான இருக்க, வா" என்று தன் தையல் கடைக் கணக்கு நோட்டை என் முன்னால் வைத்தாள். மாதக் கடைசியில், பைசா பிசகாமல் கணக்கு நேரானது.