இரட்சிப்புக்குத் தேதி கேட்ட சபைகள்

உலகத்தோற்றத்துக்கு முன்பே கடவுள் தம்முடையவர்களைத் தெரிந்துகொண்டுவிட்டார் என்று நம்புகிறவரிடம், ‘நீங்கள் எப்போது இரட்சிக்கப்பட்டீர்கள்?’ என்று கேட்பதில் அர்த்தமில்லை என்றுதான் முதலில் தோன்றும். முடிவு அநாதியில் எடுக்கப்பட்டுவிட்டது; நடுவில் தேதிக்கு என்ன வேலை? 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சிலர் இதை ஒளிவுமறைவின்றிச் சொன்னார்கள். தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் அநாதியிலேயே நீதிமான்களாக்கப்பட்டுவிட்டார்கள், விசுவாசம் வரும்போது அந்தச் செய்தி அவர்களுக்கு எட்டுகிறது, அவ்வளவே என்பது அவர்கள் வாதம். 1646இல் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையை எழுதி முடித்த போதகர்கள் இதை ஏற்கவில்லை. தீர்மானம் அநாதியானதுதான்; ஆனால் பரிசுத்த ஆவியானவர் உரிய காலத்தில் கிறிஸ்துவை ஒருவருக்கு உரியவராக்கும்வரை அவர் நீதிமானாக்கப்படுவதில்லை என்று 11ஆம் அதிகாரத்தில் வரையறுத்தார்கள். மெய்யான விசுவாசிகூட அந்த நிச்சயத்தைப் பெற நெடுங்காலம் காத்திருக்க நேரலாம் என்று 18ஆம் அதிகாரத்தில் சேர்த்தார்கள். ஆக, உரிய காலம் என்று ஒன்று உண்டு, ஆனால் அது எது என்று சம்பந்தப்பட்டவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஏட்டில் இந்த நிலைப்பாடு அழகாகவே நிற்கிறது. அட்லாண்டிக்கின் மறுகரையில் இருந்த மாசசூசெட்ஸ் சபைகளோ அந்த அறிக்கை எழுதப்படுவதற்குப் பத்தாண்டு முன்பிருந்தே, உறுப்பினராக வருகிறவரிடம் அந்தக் காலத்தைப் பற்றிச் சாட்சி கேட்டுக்கொண்டிருந்தன. அடுத்த நூறு ஆண்டுச் சண்டைகளுக்கு, முன்குறித்தல் என்னும் இந்தத் தெரிந்துகொள்ளுதல் கோட்பாட்டைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது வழக்கம். என் பார்வையில் குற்றவாளி வாசலில் வைக்கப்பட்ட அந்தச் சோதனைதான்.

1630இல் மாசசூசெட்ஸ் விரிகுடாவில் வந்திறங்கிய பியூரிட்டன்கள் விட்டுவந்த இங்கிலாந்தில், ஊரில் பிறந்தவரெல்லாம் சபையார். கோதுமையும் களையும் ஒன்றாகக் கலந்த அந்த ஏற்பாடு அவர்களுக்குப் பிடிக்கவில்லை. நல்லொழுக்கமும் சரியான கோட்பாட்டு அறிவும் மட்டும் போதாது, கிருபை தன் உள்ளத்தில் எப்படி வேலை செய்தது என்பதையும் சபைக்குமுன் எடுத்துரைக்க வேண்டும் என்ற விதி 1630களின் நடுவில் அங்கே உருவானது. இது இங்கிலாந்திலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவந்த வழக்கம் அல்ல, மாசசூசெட்ஸிலேயே பிறந்தது என்று வரலாற்றாசிரியர் எட்மண்ட் மார்கன் 1963இல் வாதிட்டார். சோதனை எவ்வளவு கறாரானது என்பதற்கு 1636 ஏப்ரலில் டார்செஸ்டரில் நடந்தது போதும். ரிச்சர்ட் மேதர் என்ற பெயர்பெற்ற போதகர் அங்கே புதிய சபை தொடங்க வந்தார். அவரோடு நின்றவர்களின் சாட்சிகளைக் கேட்ட பிற சபைகளின் மூப்பர்கள் திருப்தியடையவில்லை. கனவுகளையும் ஒழுங்கான நடத்தையையும் நம்பி இரட்சிப்பைக் கட்டியிருக்கிறார்கள் என்று சொல்லித் திருப்பியனுப்பினார்கள். ஆகஸ்டில்தான் அனுமதி கிடைத்தது. தெரிந்துகொள்ளுதலைப் பற்றி அந்த மனிதர்களுக்கும் மூப்பர்களுக்கும் இடையில் எந்தக் கருத்துவேறுபாடும் இருந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் தோற்றது கதை சொல்வதில்.

அப்படிச் சொல்லப்பட்ட கதைகளில் சுமார் 50ஐக் கேம்பிரிட்ஜ் ஊர்ப் போதகர் தாமஸ் ஷெப்பர்ட் 1638 முதல் குறித்துவைத்தார். வீட்டு வேலைக்காரப் பெண் முதல் ஹார்வர்ட் கல்லூரித் தலைவர் ஹென்றி டன்ஸ்டர் வரை அதில் இருக்கிறார்கள். இறையியல் நூல்கள் மனமாற்றத்தைப் படிப்படியாக வகுத்திருந்தன. வில்லியம் பெர்கின்ஸ் பத்துப் படிகள் எண்ணினார். ஷெப்பர்டின் குறிப்பேட்டில் வருகிறவர்களோ அந்தப் படிகளில் ஏறுகிறார்கள், சறுக்குகிறார்கள், மீண்டும் ஏறுகிறார்கள். இன்ன பிரசங்கம் கேட்டுப் பயந்தேன், கடல் கடந்து வந்தபின் மனம் மரத்துப்போனது, பிறகு ஒரு வசனம் ஆறுதல் தந்தது என்று போய்ப் பல சாட்சிகள் சந்தேகத்திலேயே முடிகின்றன. அவர்களை உள்ளே விட்டார்கள் என்பது ஷெப்பர்டின் மனிதத்தன்மைக்குச் சான்று. எதிர்முனையில், அதே மாசசூசெட்ஸில் வாழ்ந்த ஆன் ஹட்சின்சன் என்ற பெண் நின்றார். சந்தேகத்தையும் படிகளையும் ஒதுக்கி, ஆவியானவர் தம்மிடம் நேரடியாகவே பேசினார் என்று 1637 நவம்பர் விசாரணையில் அவர் சொன்னபோது நாடுகடத்தத் தீர்ப்பாயிற்று. நிச்சயம் குறைந்தால் ஐயம், மிகுந்தால் கலகம். இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிய பாதை அது.

முதல் தலைமுறை எப்படியோ அதில் நடந்துவிட்டது. அவர்களுக்கு ‘முன்பு’ என்று ஒரு காலம் இருந்தது: பிஷப்புகளின் இங்கிலாந்து, பழைய வாழ்க்கை, கப்பல். அவர்களுடைய பிள்ளைகள் குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்று, வேதம் கேட்டே வளர்ந்தவர்கள். இருளிலிருந்து ஒளிக்கு வந்த நாளைச் சொல் என்றால், வெளிச்சத்திலேயே பிறந்தவர் எந்த நாளைச் சொல்வார்? ஆயிரக்கணக்கானோர் சாட்சி சொல்ல முன்வரவில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்தபோது, முழு உறுப்பினரல்லாத பெற்றோரின் குழந்தைக்கு ஞானஸ்நானம் உண்டா என்ற கேள்வி வந்தது. 1657இல் போதகர்களும் 1662இல் பாஸ்டனில் கூடிய சினாடு என்ற சபைப் பேரவையும் உண்டு என்றார்கள். பெற்றோர் விசுவாச அறிக்கையை ஏற்று, ஒழுக்கமாக வாழ்ந்து, சபையின் உடன்படிக்கைக்குக் கட்டுப்பட்டால் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடைக்கும். பெற்றோருக்குத் திருவிருந்தும் வாக்கும் இல்லை. எதிர்த்தவர்கள் இதற்கு வைத்த கேலிப்பெயரே, அரைவழி உடன்படிக்கை என்று, வரலாற்றில் நிலைத்தது. அதை முன்னின்று ஆதரித்தவர் டார்செஸ்டரில் திருப்பியனுப்பப்பட்ட அதே ரிச்சர்ட் மேதர். எதிர்த்தவர்களில் ஒருவர் அவருடைய மகன் இன்கிரீஸ். தந்தை இறந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு மகனும் மனம் மாறினார். தர்க்கத்தில் நேர்மையாக நடந்தவர் டன்ஸ்டர் ஒருவர்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. தெரிந்தே விசுவாசிப்பதுதான் அளவுகோல் என்றால் குழந்தைகளுக்கு ஞானஸ்நானமே கூடாது என்று சொல்லி, 1654இல் கல்லூரித் தலைமையைத் துறந்தார்.

இதெல்லாம் இறையியல் வேடம் போட்ட அதிகாரச் சண்டை என்று ஒரு மறுப்பு உண்டு. மாசசூசெட்ஸில் 1631 முதல் சபை உறுப்பினருக்கே வாக்குரிமை. எனவே வாசலைத் திறப்பதும் மூடுவதும் அரசியல் என்பார்கள். ஆனால் பக்கத்துக் கனெக்டிகட்டில் வாக்குரிமைக்குச் சபை உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. அங்கேதான் 1650களில் ஹார்ட்ஃபோர்ட் சபை இரண்டாகப் பிளந்தது. 1657 கூட்டத்துக்கு வழிவகுத்த கேள்விகளும் அந்தக் குடியேற்றத்தின் மன்றத்திலிருந்தே வந்தன. வாக்கே இல்லாத பெண்கள் ஆண்களைவிட அதிகமாக உறுப்பினரானதையும் அந்த விளக்கத்தால் விளக்க முடியாது. இன்னொரு மறுப்பு போதகர்களே பரப்பியது: பிள்ளைகளுக்குப் பக்தி குறைந்துவிட்டது, அதனால் சலுகை தேவைப்பட்டது என்று. ராபர்ட் போப் 1969இல் சபைப் பதிவேடுகளை ஆராய்ந்து காட்டிய சித்திரம் வேறு. போதகர்கள் திறக்கச் சொன்ன கதவைப் பல ஊர்களில் மூடிவைத்தவர்கள் சாதாரணச் சபையாரே. அரை உறுப்பினராக இருக்கத் தகுதியுள்ளவர்கள்கூட ஒதுங்கி நின்றார்கள். திருவிருந்தில் அபாத்திரமாய்ப் போஜனபானம் பண்ணுகிறவன் தனக்கே ஆக்கினைத்தீர்ப்பு வருவித்துக்கொள்கிறான் என்ற பவுலின் எச்சரிக்கை, முழு உறுப்பினராக நினைத்தவர்களையும் நடுங்கவைத்தது. அலட்சியக்காரருக்கு இந்தப் பயம் வராது.

மாசசூசெட்ஸின் நார்தாம்ப்டனில் போதகர் சாலமன் ஸ்டாடர்ட் இந்த முடிச்சை அவிழ்க்காமல் வெட்டினார். யார் மறுபிறப்படைந்தவர் என்பது மனிதக் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே ஒழுக்கமாக வாழும் எவரும் திருவிருந்துக்கு வரட்டும், மனமாற்றமே அங்கே நிகழக்கூடும் என்றார். இப்படிச் சொன்னவர் கால்வினியத்தில் இம்மியும் விட்டுக்கொடுக்காதவர். தெரிந்துகொள்ளுதலை முழுதாக நம்பிக்கொண்டே சோதனையைக் கைவிட முடியும் என்பதற்கு அவரைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குப் பின் அதே பிரசங்க மேடைக்கு வந்த பேரன் ஜோனத்தன் எட்வர்ட்ஸ், 19 வயதில் தம் நாட்குறிப்பில், போதகர்கள் சொல்லும் படிகளின்படி தமக்கு மறுபிறப்பு நடக்கவில்லையே என்று கவலைப்பட்டவர். தாத்தாவின் வழியைவிட்டு, கிருபை பெற்றதற்கான நம்பத்தகுந்த அறிக்கை வேண்டும் என்று அவர் திரும்பக் கேட்கத் தொடங்கினார். தேதியோ படிவரிசையோ வேண்டாம் என்று அவர் விளக்கியும் ஊர் கேட்கவில்லை. 1750 ஜூனில் 200க்கு மேற்பட்ட ஆண் உறுப்பினர்கள் அவரை நீக்க வாக்களித்தார்கள். அவர் பக்கம் நின்றவர்கள் 20 பேர் சொச்சம். சபை உறுப்பினருக்கே வாக்கு என்ற விதி ஒழிந்து அப்போது அரை நூற்றாண்டுக்கு மேலாகியிருந்தது என்பதை அதிகார விளக்கக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

ஒரே கோட்பாடு, இரண்டு வாசல் என்பதை யாழ்ப்பாணம் அருகருகே வைத்துக் காட்டியது. 1658இல் வந்த டச்சுக்காரர்கள் டார்ட் சினாடின் கால்வினியர்கள். நிபந்தனையற்ற தெரிந்துகொள்ளுதலை 1619இல் சட்டமாக்கிய திருச்சபை அவர்களுடையது. ஆயினும் அரசாங்க உத்தியோகத்துக்கு ஞானஸ்நானம் தேவை என்றாக, பல்லாயிரம் பேர் பதிவேட்டில் கிறிஸ்தவரானார்கள். மனமாற்றக் கதையை யாரும் கேட்கவில்லை. திருவிருந்துக்கு வந்தவர்கள் மிகச் சிலரே. 1816இல் தெல்லிப்பழையிலும் அடுத்து வட்டுக்கோட்டையிலும் வேலை தொடங்கிய அமெரிக்க மிஷனரிகள் எட்வர்ட்ஸின் மரபில் வளர்ந்த நியூ இங்கிலாந்துக்காரர்கள். அவர்களுடைய பள்ளிகளில் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் படித்தார்கள். சபையில் சேர விரும்பியவர்களை மட்டும் அவர்கள் தனித்தனியாக உட்காரவைத்து, உள்ளத்தில் என்ன நடந்தது என்று விசாரித்தார்கள். பலரைக் காத்திருக்கச் சொன்னார்கள்.