கடிக்காத கொசுவின் கதை

ஏரிக்கரை ஊர்களில் மழைக்காலத்து மாலையில் விளக்கேற்றியதும் ஒரு படை வந்து சேரும். பார்வைக்குக் கொசு, ஆனால் கொசு அல்ல. கொசுவுக்கு இருக்கும் ஊசி இதற்குக் கிடையாது. கடிக்காது, ரத்தம் குடிக்காது. வளர்ந்த பூச்சி பெரும்பாலும் ஆகாரம் என்று ஒன்றும் எடுத்துக்கொள்வதில்லை. சில நாட்கள் பறந்து, ஜோடி சேர்ந்து, தண்ணீரில் முட்டையிட்டுவிட்டு மாண்டு போகிறது. மறுநாள் காலையில் விளக்கடியில் குவிந்து கிடப்பதைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளிவிட்டு நாம் நம் அலுவலைப் பார்க்கப் போகிறோம்.

கடிக்கிற கொசுவுக்காவது மலேரியா, யானைக்கால் என்று பெரிய பெரிய சம்பந்தங்கள் இருக்கின்றன. கடிக்காத கொசுவுக்கு என்ன சரித்திரம் இருக்க முடியும் என்று கேட்கலாம். இருக்கிறது. நான் படித்துச் சுவைத்த சரித்திரங்களில் அதுவும் ஒன்று. அதில் ராஜாக்கள் இல்லை, போர்கள் இல்லை. ஓர் ஏழை உபாத்தியாயர் இருக்கிறார். அவர் வைத்த இரண்டு பெயர்களும், அந்தப் பெயர்களை வைத்து அவர் இறந்து வெகுகாலம் கழித்து உலகம் போட்டுக்கொண்ட ஒரு வழக்கும் இருக்கின்றன.

ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1758-ல் பிராணிகளுக்கெல்லாம் பெயர் சூட்டியபோது இந்தப் பூச்சியும் அவர் கண்ணில் பட்டது. ஆண் பூச்சியின் உணர்கொம்புகள் இறகுக் குஞ்சலம் போல இருப்பதைப் பார்த்து, 'இறகணிந்தது' என்று பொருள்படும் பெயர் கொடுத்தார். ஆனால் நீண்ட கால்களுடைய வேறு எத்தனையோ பூச்சிகளோடு இதையும் ஒரே கூடையில் போட்டு வைத்தார். அந்தக் கூடையைப் பிரித்து அடுக்க ஒருவர் வர வேண்டியிருந்தது.

அவர்தாம் யோஹான் வில்ஹெல்ம் மைகன். 1764-ல் ஜெர்மனியில் ஸோலிங்கன் என்ற ஊரில் பிறந்தவர். சர்வகலாசாலைப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. பிரெஞ்சும் சங்கீதமும் சித்திரமும் கற்றுக்கொண்டு, அவற்றையே பிறருக்குக் கற்றுக்கொடுத்து ஜீவனம் நடத்தினார். ஆஹன் நகரத்துக்குப் பக்கத்தில் ஸ்டோல்பர்க் என்ற சிற்றூரில் அவருடைய வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. பகலில் பிள்ளைகளுக்குப் பாடம். மிஞ்சிய நேரத்தில் ஈயும் கொசுவும். சம்பாத்தியம் குடும்பத்துக்கே பற்றாது. ஆனாலும் கையிலிருந்த பூதக்கண்ணாடியை அவர் கீழே வைக்கவில்லை.

அக்காலத்தில் பூச்சிகளை வகைப்படுத்தியவர்களில் பேர்போனவர் ஃபேப்ரீஷியஸ். பூச்சிகளின் வாயுறுப்பைப் பார்த்துப் பிரிக்க வேண்டும் என்பது அவர் முறை. யானைக்கும் குதிரைக்கும் வாயைப் பார்க்கலாம். அரிசியில் பாதிகூட இல்லாத கொசுவின் வாயைப் பார்ப்பது எப்படி? மைகன் இறக்கையைப் பார்த்தார். இறக்கையில் ஓடும் நரம்புகள் ஒரு வகைக்கு ஒரு விதமாக இருப்பதைக் கண்டார். உணர்கொம்பின் அமைப்பையும் சேர்த்துக்கொண்டார். சித்திரம் கற்பித்த கை அல்லவா? இறக்கை இறக்கையாகத் தம் கையாலேயே வரைந்து தள்ளினார்.

1800-ஆம் வருஷம் பாரிஸ் நகரில் அவருடைய சிறு பிரசுரம் ஒன்று பிரெஞ்சு மொழியில் வெளியாயிற்று. இரண்டு இறக்கைப் பூச்சிகளுக்கு ஒரு புதிய வகைப்பாடு என்பது அதன் விஷயம். அதில் நம் கடிக்காத கொசுவின் பேரினத்துக்கு அவர் வைத்த பெயர் டெண்டிபெஸ். அந்தப் பிரசுரத்தில் ஒரு குறை இருந்தது. பேரினங்களைச் சொன்னாரே தவிர, ஒவ்வொன்றிலும் எந்தெந்தப் பூச்சி அடங்கும் என்று பெயர் சொல்லிக் காட்டவில்லை. வீட்டுப் பெயரை மட்டும் எழுதி, வீட்டில் குடியிருப்பவர் யார் என்று எழுதாமல் விட்டது போல. பிரசுரத்தையும் அதிகம் பேர் கண்ணால் பார்க்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து, 1803-ல், ஜெர்மன் பத்திரிகை ஒன்றில் அதே விஷயத்தை மைகன் விரிவாக எழுதினார். இந்தத் தடவை பெயர்கள் வேறு. டெண்டிபெஸ் போய், கைரோனொமஸ் வந்தது. கிரேக்க மொழியில் அதற்குக் கைகளை அசைத்து அபிநயம் பிடிப்பவன் என்று அர்த்தம். இந்தப் பூச்சி உட்கார்ந்திருக்கும்போது முன்னங்கால்கள் இரண்டையும் தூக்கிப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கும். நட்டுவனார் முன்னால் முத்திரை பிடித்துப் பழகும் சிறுமியைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரின் அழகு உடனே விளங்கும். பழைய பெயர்களை மைகன் பிறகு எடுத்தாளவே இல்லை. 1818 முதல் 1838 வரை ஏழு பாகங்களாக ஐரோப்பாவின் ஈ, கொசு வகைகளைப் பற்றி அவர் எழுதிய பெரு நூலிலும் கைரோனொமஸ்தான். 1845-ல் அவர் காலமானார். அவர் சேர்த்த பூச்சிகள் பாரிஸ் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பெயர் நிலைத்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

1908-ல் வழக்கு ஆரம்பமாயிற்று. பிரீட்ரிஹ் ஹெண்டல் என்ற ஆஸ்திரியர் மறந்துபோன அந்த 1800-ஆம் வருஷப் பிரசுரத்தைத் தேடி எடுத்து வியன்னாவில் மறுபடி அச்சிட்டார். பிராணி சாஸ்திரத்தில் ஒரு சட்டம் உண்டு: முதலில் அச்சான பெயரே செல்லும். சட்டத்தின்படி பார்த்தால் டெண்டிபெஸ்தான் மூத்த பிள்ளை. கைரோனொமஸ் இளையது. மூத்தது உயிரோடு இருக்கும்போது இளையதற்கு எப்படிப் பட்டம் கட்டுவது என்று ஒரு கட்சி கேட்டது. நூறு வருஷமாக எல்லாப் புத்தகத்திலும் எழுதி, எல்லா மியூசியத்திலும் ஒட்டி வைத்த பெயரைப் பிடுங்கி எறிவது எப்படி என்று மறு கட்சி கேட்டது. நம் கொசுவோடு இது நிற்கவில்லை. ஈ வகைகளில் எத்தனையோ குடும்பங்களின் பெயர்கள் இதே மாதிரி ஆட்டம் கண்டன.

விளைவு என்ன? ஒரே பூச்சிக்கு ஒரு தேசத்தில் ஒரு பெயர், இன்னொரு தேசத்தில் வேறு பெயர். லண்டனில் எட்வர்ட்ஸ் என்ற நிபுணர் 1929-ல் பிரிட்டனின் கடிக்காத கொசுக்களைப் பற்றி எழுதியபோது கைரோனொமஸ் பக்கம் நின்றார். அமெரிக்காவில் 1945-ல் டவுன்ஸ் எழுதிய பெரிய ஆராய்ச்சி டெண்டிபெஸ் பெயரில் வந்தது. புதிதாக இந்தத் துறைக்கு வந்த மாணவன் இரண்டும் ஒன்றுதான் என்று கண்டுபிடிக்கவே தனியாகப் படிக்க வேண்டியிருந்தது. கடைசியில் 1963-ல், பிராணிகளின் பெயர்களுக்கான சர்வதேச கமிஷன் தீர்ப்புச் சொல்லிற்று: 1800-ஆம் வருஷப் பிரசுரம் பெயர் விஷயத்தில் செல்லாது. அபிநயக்காரன் ஜெயித்தான்.

இத்தனை ஆரவாரம் எதற்கு, ஒரு பெயருக்காகவா என்று கேட்கத் தோன்றும். பெயர் மட்டும் விஷயமாக இருந்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். பெயர் சரியாக இல்லாவிட்டால் என்ன நஷ்டம், சரியாக இருந்தால் என்ன லாபம் என்று காட்ட மூன்று மனிதர்களின் கதையைச் சொல்கிறேன்.

முதலாமவர் கீஃபர் பாதிரியார். லொரேன் பிரதேசத்தில் பீச் என்ற ஊரில் உபாத்தியாயராக இருந்தவர், 1925-ல் காலமானார். அபாரமான உழைப்பாளி. உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் அவருக்குப் பூச்சிகள் வரும். கல்கத்தா இந்தியன் மியூசியத்திலிருந்தும் சென்றன. 1910 முதல் அந்த மியூசியத்தின் வெளியீடுகளில் நம் தேசத்துக் கடிக்காத கொசுக்களுக்கு அவர் பெயரிட்டு எழுதினார். ஆனால் அவருடைய வர்ணனைகள் பல, நாலைந்து வரிகளில் முடிந்துவிடும். நிறம் இன்னது, நீளம் இவ்வளவு என்பதோடு சரி. அவர் பார்த்த மூல மாதிரிகளில் பல பிறகு காணாமற் போயின. மாதிரியும் இல்லை, வர்ணனையும் போதவில்லை என்றால் அந்தப் பெயர் யாருக்குச் சொந்தம்? பத்திரம் இருக்கிறது, நிலம் எங்கே என்று தெரியவில்லை என்கிற கதைதான். அவருக்குப் பின் வந்தவர்கள் வருஷக்கணக்காக அந்த முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது.

அதனால்தான் பின்னாளில் முறை கடுமையாயிற்று. ஒரு புதிய இனம் என்று சொல்ல வேண்டுமானால், ஆண் பூச்சியைக் காஸ்டிக் பொட்டாஷ் கரைசலில் ஊற வைத்துத் தசையைக் கரைத்து, உறுப்பு உறுப்பாகப் பிரித்து, கண்ணாடித் தகட்டில் பிசின் இட்டுப் பதிக்க வேண்டும். நிறத்தை நம்பக்கூடாது. ஆணின் வால் நுனியில் பெண்ணைப் பற்றிக்கொள்ளும் கிடுக்கி போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதன் வளைவும் முள்ளும் மயிரும் இனத்துக்கு இனம் மாறும். எட்வர்ட்ஸ் போன்றவர்கள் அதைத்தான் முக்கிய அடையாளமாகக் கொண்டார்கள். பெண் பூச்சியை மட்டும் வைத்துக்கொண்டு இனம் சொல்வது பெரும்பாலும் நடக்காத காரியம்.

இரண்டாமவர் ஆகஸ்ட் தீனமன். வட ஜெர்மனியில் பிளோன் ஊர் ஏரி ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர். இவருடைய கவனம் பறக்கும் பூச்சியைவிடத் தண்ணீருக்கடியில் சேற்றில் வாழும் அதன் புழுவின் மேல் சென்றது. அந்தப் புழுக்களில் சில ரத்தச் சிவப்பாக இருக்கும். நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின்தான் அவற்றின் உடலிலும் ஓடுகிறது. பிராணவாயு அருகிய சேற்றிலும் அவை பிழைத்திருப்பது அதனால்தான். மீன் வளர்ப்பவர்கள் ரத்தப்புழு என்று வாங்கித் தீனி போடுவது இதைத்தான்.

எந்தப் புழு எந்தப் பூச்சியாகிறது என்று அறிவது எப்படி? ஒவ்வொரு புழுவையும் தனிக் குப்பியில் விட்டு வளர்க்க வேண்டும். அது கூட்டுப்புழுவாகி, பிறகு பூச்சியாகிப் பறக்கும்போது கழற்றிப் போட்ட சட்டைகள் குப்பியிலேயே இருக்கும். சட்டைகளையும் பூச்சியையும் ஒன்றாகப் பதித்து வைத்தால் பிள்ளைப் பருவமும் வாலிபமும் ஒரே ஆளுடையவை என்று ருசுவாகிவிடும். இப்படி இனம் கண்ட பிறகு தீனமன் ஓர் உண்மையைக் கண்டார். ஆழத்தில் பிராணவாயு நிறைந்த தெளிந்த ஏரிகளில் ஒரு வகைப் புழு வாழ்கிறது. அழுகல் மிகுந்து பிராணவாயு குன்றிய ஏரிகளில் கைரோனொமஸ் வாழ்கிறது. வைத்தியர் நாடி பிடிப்பது போல, அடிச்சேற்றில் ஒரு பிடி அள்ளி ஏரியின் ஆரோக்கியத்தைச் சொல்லிவிடலாம். இந்தப் பூச்சிகளைப் பற்றி அவர் எண்ணூறு பக்கங்களுக்கு மேல் எழுதிய நூல் 1954-ல் வெளிவந்தது. அதற்கு அவர் வைத்த தலைப்பு ஒரே ஒரு சொல்: கைரோனொமஸ். வழக்கு இன்னும் முடியாத காலம் அது.

மூன்றாமவர் ஸ்வீடனின் லார்ஸ் புருண்டின். தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூஜீலந்து, தென் ஆப்பிரிக்கா ஆகிய தென்கோடி நாடுகளின் குளிர்ந்த மலையோடைகளில் வாழும் கடிக்காத கொசுக்களை அவர் ஒப்பிட்டார். புதிய இனங்களை வர்ணித்தார். யாருக்கு யார் நெருங்கிய பங்காளி என்று வம்சாவளி எழுதினார். 1966-ல் முடிவு வெளியாயிற்று. நியூஜீலந்துப் பூச்சிக்கு நெருங்கிய உறவு பக்கத்து ஆஸ்திரேலியாவில் இல்லை; மகா சமுத்திரத்துக்கு அப்பால் தென் அமெரிக்காவில் இருந்தது. ஆஸ்திரேலியப் பூச்சிக்கும் உறவு தென் அமெரிக்காவிலேயே. சில நாள் ஆயுசுள்ள இந்தப் பூச்சிகள் சமுத்திரம் தாண்டியிருக்க முடியாது. அப்படியானால் நிலமே ஒரு காலத்தில் சேர்ந்திருந்தது என்றுதானே அர்த்தம்? பனி மூடிய அண்டார்க்டிகா நடுவே பாலமாக இருந்திருக்கிறது. கண்டங்கள் நகர்கின்றன என்று வெக்னர் 1912-ல் சொன்னதைப் பலர் நெடுங்காலம் கேலி செய்தார்கள். அந்தக் கேலி ஓயத் தொடங்கியிருந்த வேளையில், ஓடைக்கரைக் கொசுவும் சாட்சிக் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லிற்று. அந்தப் பழைய மகா கண்டத்துக்கு, நம் மத்திய இந்தியாவின் கோண்டு மக்களுடைய நாட்டின் பெயரால், கோண்டுவானா என்று பெயர். நம் தென்னாடும் ஒரு காலத்தில் அதன் ஒரு துண்டுதான்.

புருண்டின் பார்த்த பூச்சிகளைக் கீஃபர் முறையில் நாலு வரியில் எழுதியிருந்தால் இந்தச் சாட்சி எடுபட்டிருக்குமா? பங்காளி யார், அயலார் யார் என்று பிரிக்க ஒவ்வொரு முள்ளும் மயிரும் எண்ணப்பட்டிருக்க வேண்டும். ஒருவர் அவசரத்தில் எழுதியது மற்றொருவர் தலையில் பாரமாக விழுகிறது. ஒருவர் நிதானமாக எழுதியதன் பலனும் அதேபோல முகமறியாத ஒருவருக்குப் போய்ச் சேருகிறது. வீட்டுக் கணக்கிலும் ஊர்க் கணக்கிலும் நாம் பார்ப்பதுதான் இது.

7,000-க்கு மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. இன்னும் பெயரில்லாதவை ஏராளம். இன்று மரபணுவைப் படித்து இனம் பிரிக்கும் முறை வந்திருக்கிறது. பார்வைக்கு ஒன்றாகத் தோன்றியவை இரண்டு, மூன்று என்று பிரிகின்றன. ஆனாலும் ஒரு மாதிரியைத் தகட்டில் பதித்து, வரைந்து, வர்ணித்து, மியூசியத்தில் வைக்கும் பழைய வேலையை அது ஒழித்துவிடவில்லை.

இந்தத் துறையின் வழக்கப்படி ஒரு பேரினத்தின் பெயரை முறையாக எழுதும்போது, பெயரிட்டவரையும் வருஷத்தையும் அடுத்து எழுத வேண்டும். கைரோனொமஸ், மைகன், 1803. சட்டம் 1800-ஐ அழித்துவிட்டது. ஸ்டோல்பர்க் உபாத்தியாயரை அழிக்கவில்லை. வழக்கில் யார் ஜெயித்திருந்தாலும் அந்த இடத்தில் அவர் பெயர்தான் இருந்திருக்கும். மூத்ததும் அவர் பிள்ளை. இளையதும் அவர் பிள்ளை.