ரத்தப் பொருத்தம்

எங்க மத்தூர் பக்கம் அக்கா மகளைக் கட்டுவதும் மாமன் மகளைக் கட்டுவதும் இன்னும் சாதாரணம். ஜாதகம், நிலம், நகை எல்லாம் பார்ப்பாங்க. ரத்தத்தை யாரும் பார்ப்பதில்லை. இப்போ ரத்தத்தையும் பாருங்க என்று அரசே சொல்கிறது. இந்தப் பேச்சின் பழைய நுனியைத் தேடிப்போனால் நீலகிரியில் போய் நிற்கும்.

1952-இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள், நீலகிரிப் பழங்குடி மக்களிடம் 'சிக்கிள் செல்' எனும் அரிவாள் செல் தன்மை இருப்பதை எழுதினார்கள். அதுவரை அது பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோயாகவே பார்க்கப்பட்டது.

கணக்கு சின்னதுதான். அப்பா, அம்மா இருவரும் கேரியர் என்றால், ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பேருக்கு வராது என்று எண்ணுவது தப்பு. நோயுள்ள ஒருவர் அந்த மரபணு அறவே இல்லாதவரைக் கட்டினால் பிள்ளைகள் எல்லோரும் கேரியர், நோயாளி யாருமில்லை. சொந்தத்திலேயே கட்டும்போது, ஒரே தாத்தாவின் மரபணு இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரலாம்.

அப்போ கேரியரும் கேரியரும் கட்டாமல் இருந்தால் முடிந்ததே? கிரேக்கத்தில் ஒர்கோமெனோஸ் என்ற ஊரில் இதைத்தான் செய்து பார்த்தார்கள். ஊரையே சோதித்து, ஆலோசனையும் சொன்னார்கள். சில வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால், கேரியர் என்றால் சம்பந்தம் தட்டிப்போகிறது என்று சிலர் முடிவையே மறைத்துக் கட்டியிருந்தார்கள். 1970-களில் வெளிவந்த இந்த ஆய்வு, இத்துறையில் இன்றும் ஓர் எச்சரிக்கையாகப் பேசப்படுகிறது.

சைப்ரஸ் வேறு வழி போனது. அங்கே தலசீமியா; ஏழு பேரில் ஒருவர் கேரியர். 1983-இலிருந்து கல்யாணத்துக்கு முன் சான்றிதழ் வேண்டும் என்றது அங்குள்ள திருச்சபை. ஆனால் அதில் முடிவு இருக்காது! சோதித்தாயிற்று, ஆலோசனை சொல்லியாயிற்று, அவ்வளவுதான். விஷயம் அந்த இருவருக்கு மட்டும் தெரியும். இருவரும் கேரியர் என்று தெரிந்த ஜோடிகளில் மிகப் பெரும்பாலோர் கல்யாணத்தை நிறுத்தவில்லை. கட்டிக்கொண்டு, கருவைச் சோதித்து முடிவெடுத்தார்கள். நோயோடு பிறக்கும் பிள்ளைகள் மிகவும் குறைந்துபோனார்கள்.

இந்தியாவில் 2023 ஜூலை 1-இல் சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 7 கோடிப் பேரைச் சோதிப்பது இலக்கு. நம்ம கையில் தருவது கார்டு. முடிவு அதிலேயே இருக்கும். ஜாதகம் போல இதையும் பொருத்திப் பாருங்க என்கிறார்கள். எனக்கு உறுத்துவது இங்கேதான். ஜாதகத்தைப் பார்ப்பது மாப்பிள்ளை வீட்டு மாமா, சித்தப்பா எல்லோரும். கார்டையும் அவர்களே கேட்டு வாங்கிப் பார்த்தால், முதலில் கழித்துவிடப்படுவது பெண்தான். பையனுக்கு இன்னொரு இடம் கிடைத்துவிடும். கருவைச் சோதிக்க, ரத்தக் கோளாறுகளுக்கு 1994 சட்டமே இடம் தருகிறது. வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் செய்கிறார்கள். மலைக்கிராமத்திலிருந்து கர்ப்பத்தின் மூன்றாவது மாசத்துக்குள் வேலூர் போய்ச்சேர பஸ் காசு, கூலி இழப்பு, துணைக்கு ஓர் ஆள் எல்லாம் வேண்டும். கார்டில் அதற்கு இடமில்லை.