பதினேழு அங்குல ரகசியம்

மொட்டை மாடி வீட்டில் வாழும் நமக்குக் கூரை என்றால் தலைக்கு மேலே ஒரு கான்க்ரீட் தளம், அவ்வளவுதான்! ஆனால், அமெரிக்காவில் சாதாரண வீடு என்றால் பெரும்பாலும் மரவீடு. மேலே சரிவான கூரை. நடு உச்சியில் முகட்டு மரம். அதன் இரண்டு பக்கமும் சரிந்து இறங்கி, சுவர் மேல் வந்து உட்காரும் கைமரங்கள்.

இப்போது ஒரு கேள்வி. முகட்டு மரம் இன்னும் மேலே ஏறவில்லை. கைமரமோ தரையில் கிடக்கிறது. அதை எவ்வளவு நீளத்துக்கு, எந்தச் சாய்வில் அறுப்பீர்கள்? (ஜாக்கிரதை, அறுத்த மரத்தை இழுத்து நீட்ட முடியாது!)

பல வருடம் ஒரு மூத்த தச்சருக்குக் கூடமாட ஒத்தாசை செய்தவருக்குத்தான் அந்தக் காலத்தில் இந்த வித்தை கைவரும். ஆனால், 1833-ல் சுமார் 350 பேர் இருந்த சிகாகோவில் 1850-ல் 30,000 பேர். 1870-ல் கிட்டத்தட்ட 3 லட்சம் பேர்! இவ்வளவு பேருக்கும் வீடு கட்ட மூத்த தச்சர்களுக்கு எங்கே போவது?

மர மில்லில் அறுத்த மெல்லிய மரச்சட்டங்களும், இயந்திரத்தில் செய்த மலிவான ஆணிகளும் முதலில் கை கொடுத்தன. கூரைக்குக் கை கொடுத்தது ஒரு மூலைமட்டம். 'ட' எழுத்து மாதிரி வளைந்த சாதாரண இரும்புத் தகடு! வெர்மான்ட் மாநிலத்தில் ஷாஃப்ட்ஸ்பரி என்ற ஊரில், சைலஸ் ஹாவ்ஸ் என்ற கொல்லர் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தேய்ந்துபோன ரம்பத் தகடுகளை ஒட்டி இதைச் செய்தார் என்று கதை சொல்கிறார்கள்.

ரொம்ப சிம்பிள். வீட்டின் அகலம் 24 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரிலிருந்து முகட்டுக்கு நேர் கீழே வரை 12 அடி. ஒவ்வோர் அடிக்கும் கூரை 5 அங்குலம் உயரவேண்டும். மூலைமட்டத்தின் ஒரு கையில் 12, இன்னொரு கையில் 5... இந்த இரண்டு எண்களும் மரத்தின் விளிம்பைத் தொடும்படி வைத்துக் கோடு போடுங்கள். விட்ட இடத்தில் மறுபடி வையுங்கள். இப்படி 12 தடவை. முடிந்தது! மரத்தின் நீளம் சரியாக 13 அடி. முகட்டு மரத்தின் பாதி கனத்தை மட்டும் கழித்துவிட்டால் போதும். அறுக்கவேண்டிய சாய்வையும் அதே கோடு காட்டிவிடும். பள்ளிக்கூடத்தில் நம்மைப் படுத்திய பிதாகரஸ், இங்கே சத்தம் போடாமல் வேலை செய்கிறார்!

நாலு பக்கமும் சரியும் கூரை என்றால்? மூலைக்கு வரும் கைமரம் குறுக்காக ஓடும், நீளம் அதிகம். அதற்கும் முக்கியமான மாற்றம் ஒன்றுதான். 12-க்குப் பதிலாக 17 வையுங்கள். அந்த 5-ம், அந்த 12 தடவையும் அப்படியே!

எங்கிருந்து வந்தது இந்த 17? 12 அங்குலச் சதுரத்தின் குறுக்களவு 16.97. இதன் பின்னால் உள்ள கணக்கு, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் பாபிலோனியக் களிமண் வில்லையில் சுமார் 3,700 வருடங்களுக்கு முன்பே துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது. யாரோ ஒரு மாணவன் எழுதிய பயிற்சி என்று கருதுகிறார்கள். அந்தப் பையனின் வீட்டுப்பாடம்தான் சிகாகோ கூரைகளில் ஏறி உட்கார்ந்தது!

ஆக, பெரிய வித்தையை ஒரு தகட்டில் அடக்கியாயிற்று. எல்லாம் சுபமா? இல்லை. 1992 ஆகஸ்ட் 24. ஃப்ளோரிடாவைத் தாக்கிய 'ஆண்ட்ரூ' புயலில் 63,000-க்கும் அதிகமான வீடுகள் நாசமாயின. பிறகு ஆராய்ந்தபோது பல வீடுகளில் தெரிந்த உண்மை, கூரைப் பலகையில் அடித்த பின்கள் கீழே இருந்த சட்டத்தில் இறங்கவே இல்லை! பக்கத்திலே, வெறும் காற்றில் இறங்கியிருந்தன. அளவில் பிழை இல்லை, அவசரத்தில்தான் பிழை. அதன் பிறகுதான் அந்த மாநிலத்தில் கட்டட விதிகள் கடுமையாயின.

எத்தனை அங்குலம் என்று மூலைமட்டம் சொல்லிவிடும். ஆணி மரத்தில் இறங்கியதா என்று பார்ப்பது மட்டும் இன்னமும் மனுஷன் வேலைதான்!